கோழிப் பண்ணையில் மருந்தெதிர்ப்புக் கிருமிகள்

பெங்களூர் அல்சூரில் ஞாயிற்றுக்கிழமை காலையில் கடைவீதிப் பக்கம் செல்வோர், கோழிக் கடைகளின் முன் நிற்கும் கூட்டத்தைக் காணாதிருக்க முடியாது. கம்பிக் கூண்டுகளில் நெருக்கமாக அடைபட்டிருக்கும் அவ்வெள்ளைக் கோழிகள் முட்டையினின்றும் வெளிவந்து ஏறத்தாழ ஆறு வாரங்களே ஆனவை. அதற்குள் அவை இரண்டு கிலோகிராம் எடையை எட்டிவிடுகின்றன. வீட்டுப் புறக்கடையில் குப்பையைக் கிளறித் திரியும் நாட்டுக் கோழி அரை ஆண்டு வளர்ந்தும் அந்த எடையைத் தொடுவது அரிது. இனத் தேர்வு, தீவனக் கலவை, கொட்டகை அமைப்பு ஆகிய மூன்றும் சேர்ந்து நிகழ்த்திய அபிவிருத்தி இது. இவற்றோடு நான்காவதாக ஒன்றும் பல பண்ணைகளில் சேர்ந்துகொண்டது. அதுவே மருந்து. இக்கட்டுரை அந்த நான்காவது பொருளைப் பற்றியது.

இப்பகுதியிலுள்ள ஒரு பள்ளியில் விஞ்ஞானம் கற்பிக்கும் ஆசிரியை ஒருவர், விடைத்தாள் ஒன்றில் தாம் கண்ட விடையை எம்மிடம் கூறினார். "கோழிகளுக்கு மருந்து கொடுப்பதால் எதிர்ப்புச் சக்தி உண்டாகிறது. அக்கோழியை உண்பதால் நமக்கும் எதிர்ப்புச் சக்தி கிடைக்கிறது" என்று ஒரு மாணவன் எழுதியிருந்தான். "இதற்கு மதிப்பெண் கொடுப்பதா, கழிப்பதா? நீங்களே சொல்லுங்கள், சார்" என்று அவர் கேட்டார். யோசித்துப் பார்த்தால் பிழை மாணவனுடையதன்று. எம்மைப் போன்ற மொழிபெயர்ப்பாளர்களுடையது. நோயை உடல் எதிர்ப்பதற்கும் 'எதிர்ப்பு' என்றே எழுதினோம். மருந்தைக் கிருமி எதிர்ப்பதற்கும் 'எதிர்ப்பு' என்றே எழுதினோம். முன்னது நமக்கு நன்மை. பின்னது நமக்குக் கேடு. ஆகவே இக்கட்டுரையில் முன்னதை நோயெதிர்ப்பு என்றும், பின்னதை மருந்தெதிர்ப்பு என்றும் பிரித்தே வழங்குவோம். வகுப்பிலும் இவ்வாறே வழங்குமாறு ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறோம். மருந்தெதிர்ப்பு என்பது கோழியின் குணமன்று. கோழியைத் தின்பவரின் குணமுமன்று. அது கிருமியின் குணம்.

நுண்ணுயிர் ஒன்று மற்றொரு நுண்ணுயிரை அழிக்கவோ, அதன் வளர்ச்சியைத் தடுக்கவோ சுரக்கும் பொருள் உயிரெதிரி எனப்படும். பென்சிலினும், ஸ்டிரெப்டோமைசினும், டெட்ராசைக்கிளினும் இவ்வகையைச் சேர்ந்தவை. ஆய்வுக்கூடத்தில் செயற்கையாக ஆக்கப்படும் பிற கிருமிக்கொல்லி மருந்துகளையும் இப்பெயராலேயே குறிப்பது இன்று வழக்கமாகிவிட்டது. பென்சிலினை 1928-இல் கண்டறிந்த அலெக்சாண்டர் ஃபிளெமிங், 1945 டிசம்பரில் நோபெல் பரிசு பெற்றபோது ஆற்றிய சொற்பொழிவிலேயே ஓர் எச்சரிக்கையை விடுத்தார். கிருமியைக் கொல்லப் போதாத சிற்றளவில் இம்மருந்தைக் கொடுத்தால், கிருமிகள் அதனைத் தாங்கும் வகையினவாக மாறிவிடும் என்பதே அதன் சாரம். அவர் மனத்தில் கொண்டிருந்தது வீட்டில் தாமே மருந்து வாங்கிக் குறைவாக உட்கொள்ளும் நோயாளியை. சிற்றளவு மருந்தை நாள்தோறும் தீவனத்தில் கலந்து இலட்சக்கணக்கான பறவைகளுக்கு ஊட்டும் காலம் ஐந்தே ஆண்டுகளில் வரும் என்பதை அவர் எண்ணியிருக்க இயலாது.

அக்காலம் வந்த வரலாறு தமிழ் வாசகர்களுக்கு ஓரளவு அணுக்கமானது. பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று, அமெரிக்கா சென்ற டாக்டர் எல்லாப்பிரகட சுப்பாராவ், லெடர்லி ஆய்வுக்கூடத்தின் ஆராய்ச்சித் தலைவராக விளங்கினார். அவர் தலைமையின்கீழ் பெஞ்சமின் டக்கர் என்னும் தாவரவியல் அறிஞர், மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரினின்றும் ஆரியோமைசின் என்னும் பொன்னிற மருந்தைப் பிரித்தெடுத்தார். அது 1948-இல் வெளியாயிற்று. சுப்பாராவ் காலமானதும் அதே ஆண்டில்தான். அதே ஆய்வுக்கூடத்தில் ஸ்டோக்ஸ்டாட், ஜூக்ஸ் என்னும் இருவர் கோழிக் குஞ்சுகளின் வளர்ச்சிக்கு வேண்டிய வைட்டமின் பி-12-ஐத் தேடிக்கொண்டிருந்தனர். ஆரியோமைசின் எடுத்தபின் எஞ்சிய கழிவு மசியலைத் தீவனத்தில் கலந்து கொடுத்துப் பார்த்தனர். குஞ்சுகள் எதிர்பார்த்ததைக் காட்டிலும் மிகுதியாக வளர்ந்தன. வைட்டமினால் மட்டும் இவ்வளர்ச்சியை விளக்க முடியவில்லை. மசியலில் தங்கியிருந்த சிறிதளவு மருந்தே காரணம் என்பது பின்னர்த் தெளிவாயிற்று. 1951-இல் அமெரிக்க அரசாங்கம் தீவனத்தில் உயிரெதிரிகளைச் சேர்க்க அனுமதி வழங்கியது. பிற நாடுகளும் பின்தொடர்ந்தன.

பண்ணையாளர் இதில் இறங்கியதற்கு அவரைக் குறைகூறுவது எளிது. ஆயின் கணக்கைப் பார்க்க வேண்டும். கோழி வளர்ப்பில் பெருஞ்செலவு தீவனமே. அதே தீவனத்தில் சிறிது கூடுதல் எடை கிடைக்குமெனில், ஆயிரம் பறவை வைத்திருப்பவருக்கு அது இலாபத்திற்கும் நஷ்டத்திற்கும் இடையிலுள்ள வேற்றுமை. மருந்தின் விலையோ தீவன மூட்டையின் விலையில் மிகச் சிறு பகுதி. கேடு அவர் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் நிகழவில்லை. அது எங்கோ ஓர் ஆஸ்பத்திரியில், யாரோ ஒரு நோயாளியின் படுக்கையருகே நிகழ்கிறது. இத்தகைய கேட்டினைத் தனி மனிதர் கணக்கில் கொள்ளமாட்டார்.

இனி, கிருமி எவ்வாறு மருந்தை எதிர்க்கிறது என்பதைக் காண்போம். கிருமி மருந்துக்குப் 'பழகிவிடுகிறது' என்று பேச்சு வழக்கில் சொல்கிறோம். கள்ளுக்குப் பழகுபவன்போல் கிருமியும் பழகுகிறது என்று கேட்பவர் கருதிக்கொள்கிறார். உண்மை வேறு. 1952-இல் ஜோஷுவா லெடர்பர்க், எஸ்தர் லெடர்பர்க் என்னும் அறிஞர் தம்பதியர் ஒரு மகமல் துணித் துண்டைக் கொண்டு இதனை நிரூபித்தனர். ஒரு தட்டில் கிருமிக் குடியிருப்புகளை மருந்தின்றி வளர்த்தனர். அத்தட்டின்மேல் மகமலை மெல்ல அழுத்தி, ஒற்றியெடுத்து, மருந்து கலந்த வேறு தட்டுகளில் அதே நிலையில் பதித்தனர். மருந்துத் தட்டுகளில் சில இடங்களில் மட்டும் கிருமி வளர்ந்தது; எல்லாத் தட்டுகளிலும் அதே இடங்களில் வளர்ந்தது. பின்னர் முதல் தட்டுக்குத் திரும்பி, அந்த இடங்களிலிருந்த கிருமிகளைச் சோதித்தபோது அவையும் மருந்தைத் தாங்கின. மருந்தின் முகத்தையே காணாத கிருமிகள் அவை! ஆகவே எதிர்க்கும் கிருமி முன்னரே கூட்டத்தில் இருக்கிறது. மருந்து அதனைப் படைப்பதில்லை. அதன் போட்டியாளர்களை அப்புறப்படுத்தி, இடத்தை அதற்கு ஒழித்துக் கொடுக்கிறது. நல்ல சூழலில் கோலைக் கிருமி 20 நிமிடத்திற்கு ஒருமுறை இரண்டாகப் பிளவுறுவது. ஒழிந்த இடம் நிரம்ப நெடுநேரம் வேண்டியதில்லை.

இதனை வகுப்பில் காட்டுதற்குப் புளியங்கொட்டைகள் போதும். கொட்டைகளில் 98-ஐக் குறியிடாமலும், 2-ஐச் சுண்ணாம்புக் குறியிட்டும் ஒரு குவியலாகக் கலந்து வைக்கவும். குறியிட்டவை மருந்தெதிர்ப்புக் கிருமிகள். ஒவ்வொரு சுற்றிலும், குறியிடாதவற்றில் பாதியை மாணவர்கள் எடுத்துவிட வேண்டும். இதுவே சிற்றளவு மருந்தின் வேலை. எஞ்சிய ஒவ்வொன்றுக்கும் அதே வகையில் ஒரு கொட்டையைச் சேர்க்க வேண்டும். இது கிருமியின் இனப்பெருக்கம். குறியிடாதவை ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் மீண்டும் 98 ஆகவே நிற்கும். குறியிட்டவையோ 4, 8, 16, 32, 64 என ஏறி, ஆறாம் சுற்றில் 128 ஆகிவிடும். இதற்கென 130 கொட்டைகளுக்கு முன்கூட்டியே குறியிட்டு வைத்துக்கொள்வது நலம். முதல் மூன்று சுற்றுகளில் குவியலைப் பார்ப்பவர் எவ்வித மாறுதலையும் காணமாட்டார். பண்ணையில் நிகழ்வதும் அதுவே. உண்மையான கிருமிகளைப் பள்ளியில் வளர்க்கும் சோதனையை மேற்கொள்ளலாகாது. கோழி எருவினின்றோ, இறைச்சியினின்றோ கிருமியை வளர்த்தல் உரிய பாதுகாப்புள்ள ஆய்வுக்கூடத்திற்கே உரியது.

கிருமி மருந்தை எதிர்க்கும் வழிகள் பல. பென்சிலினைச் சிதைக்கும் நொதி ஒன்றைச் சில கிருமிகள் சுரக்கின்றன. சில, உள்ளே புகுந்த டெட்ராசைக்கிளினை இறைத்து வெளியே தள்ளுகின்றன. கசியும் படகில் நீரை இறைப்பது போன்றது இது. சிலவற்றில் மருந்து போய்ப் பற்ற வேண்டிய உறுப்பே உருமாறிவிடுகிறது. இவ்வளவோடு நின்றிருந்தால் விஷயம் அத்துணைக் கடுமையாகியிராது. ஒரு கிருமியின் குணம் அதன் வழித்தோன்றல்களுக்கு மட்டுமே செல்லும் என்று முன்பு கருதினர். ஜப்பானில் 1950-களில் பரவிய சீதபேதி இக்கருத்தைக் கவிழ்த்தது. அந்நோயாளிகளிடம் எடுத்த ஷிகெல்லாக் கிருமிகள் சல்பா, ஸ்டிரெப்டோமைசின், குளோரம்ஃபெனிக்கால், டெட்ராசைக்கிளின் ஆகிய நான்கையும் ஒருங்கே எதிர்த்தன. நான்கு மாறுதல்கள் தற்செயலாக ஒரே கிருமியில் நிகழ்வது நம்பத்தக்கதன்று. 1959-இல் ஓச்சியாய், அகிபா ஆகியோரின் குழுவினர் இதனை விளக்கினர். எதிர்க்கும் கோலைக் கிருமியையும், எதிர்க்காத ஷிகெல்லாவையும் ஒரே குழம்பில் கலந்து வைத்தால், நான்கு எதிர்ப்புகளும் மொத்தமாக ஒன்றினின்று மற்றதற்குச் சென்றுவிடுகின்றன. பிளாஸ்மிட் எனப்படும் சிறு மரபு வளையம் ஒன்று கிருமிவிட்டுக் கிருமி தாவுவதே இதற்குக் காரணம். ஒரு பெட்டியில் நான்கு பூட்டுகளின் சாவிகளை வைத்து அண்டை வீட்டாருக்குக் கொடுப்பது போன்ற செயல் இது.

கோழியைக் குறித்து இது ஏன் முக்கியம் என்று கேட்கலாம். கோழியின் குடலிலுள்ள கோலைக் கிருமி பெரும்பாலும் மனிதனுக்கு நோய் தருவதில்லை. ஆயினும் மனிதன் குடலுக்கு வந்து சில நாள் தங்கி, தன்னிடமுள்ள பிளாஸ்மிட்டை அங்குள்ள கிருமிக்குக் கொடுத்துவிட்டுப் போக அதனால் இயலும். விருந்தாளி ஊர் திரும்பியபின்னும் அவர் கொண்டுவந்த பொருள் வீட்டிலேயே தங்கிவிடுகிறது.

இது வெறும் ஊகமன்று. அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தை அடுத்த ஒரு பண்ணையில் ஸ்டூவர்ட் லெவி என்னும் மருத்துவர் நடத்திய சோதனை 1976-இல் வெளியாயிற்று. இத்துறையில் இன்றளவும் எடுத்துக்காட்டப்படும் சோதனை இதுவே. எளிமையில் இதற்கு இணை குறைவு. ஒரு குடும்பத்தார் வசிக்கும் பண்ணையில் கோழிகளை வளர்த்து, ஒரு பகுதிக்குச் சாதாரணத் தீவனமும், மற்றொரு பகுதிக்கு டெட்ராசைக்கிளின் வகை மருந்து சிறிதளவு கலந்த தீவனமும் கொடுக்கச் செய்தார். ஒரே வாரத்தில், மருந்துத் தீவனம் உண்ட கோழிகளின் குடற்கிருமிகள் ஏறத்தாழ முழுவதும் டெட்ராசைக்கிளினை எதிர்ப்பனவாயின. நாளடைவில், தீவனத்தில் சேர்க்கப்படாத வேறு மருந்துகளையும் எதிர்க்கும் கிருமிகள் தோன்றின. ஒரு பெட்டியில் பல சாவிகள் என்று மேலே கூறியதன் விளைவு அது. அடுத்து, பண்ணையில் வசித்த மனிதர்களின் மலத்தை வாரந்தோறும் பரிசோதித்தார். கோழிகளைக் காட்டிலும் மெதுவாக, ஆனால் ஐயத்திற்கிடமின்றி, அவர்களிடமும் அக்கிருமிகள் பெருகின. ஐந்து ஆறு மாதங்களில், பண்ணை வாசிகளிடம் எடுத்த மாதிரிகளில் நூற்றுக்கு 31-இல், கிருமிகளில் ஐந்தில் நான்கு பங்கிற்கு மேல் டெட்ராசைக்கிளினை எதிர்ப்பனவாக இருந்தன. அக்கம்பக்கத்தாரிடம் எடுத்த மாதிரிகளில் இது நூற்றுக்கு 7-க்கும் குறைவு. மருந்தைத் தின்றது கோழி. எதிர்ப்பு வந்து சேர்ந்தது மனிதரின் குடலுக்கு.

நம் நாட்டுச் சான்றுகளுக்கு வருவோம். டில்லியிலுள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2014-இல் தலைநகரிலும் சுற்றுப்புறத்திலும் வாங்கிய 70 கோழி இறைச்சி மாதிரிகளைச் சோதித்தது. நூற்றுக்கு 40-இல் உயிரெதிரி மருந்தின் எச்சம் காணப்பட்டது. இதே மையம் 2017-இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வு, உத்தரப் பிரதேசம், ஹரியானா, ராஜஸ்தான், பஞ்சாப் ஆகிய நான்கு மாநிலங்களில் 12 பண்ணைகளின் கூளத்தையும், அடுத்துள்ள மண்ணையும் பற்றியது. அவற்றினின்று பிரித்த கோலைக் கிருமிகள் அனைத்தும் பல மருந்துகளை ஒருங்கே எதிர்த்தன. இவ்வாய்வில் கள ஊழியர்கள் கருத வேண்டிய செய்தி ஒன்றுண்டு. கொட்டகைக்குள்ளிருந்த கோலைக் கிருமியின் எதிர்ப்புக்கும், கோழி எரு இட்ட வெளி வயலிலிருந்த கோலைக் கிருமியின் எதிர்ப்புக்கும் பெரிய வேற்றுமை காணப்படவில்லை. எருவோடு கிருமியும் வயலுக்குச் செல்கிறது.

அதே 2017-இல் பஞ்சாபின் 18 பண்ணைகளைப் பற்றிய விரிவான ஆராய்ச்சியொன்று வெளியாயிற்று. 530 பறவைகளிடம் எடுத்த 1,556 கோலைக் கிருமிகளைச் சோதித்தனர். நாலிடிக்சிக் அமிலத்தை எதிர்த்தவை நூற்றுக்கு 86. பென்சிலின் வகையையும், அதனினும் வலிய செஃபலோஸ்போரின் வகையையும் ஒருங்கே சிதைக்கவல்ல நொதியைச் சுரக்கும் கிருமிகள் கறிக்கோழிப் பண்ணைகளில் நூற்றுக்கு 87, முட்டைக்கோழிப் பண்ணைகளில் நூற்றுக்கு 42 என்று கண்டனர். இவ்வேற்றுமை எண்ணத்தக்கது. முட்டைக்கோழி ஓராண்டுக்கு மேலும் பண்ணையில் இருப்பது. கறிக்கோழிக்கு வாழ்நாளே ஆறு வாரம். குறுகிய காலத்தில் எடை கூட்ட வேண்டிய இடத்திலேயே கேடு மிகுந்திருக்கிறது. தென்னாட்டுப் பண்ணைகளுக்கு இவ்வெண்களை அப்படியே பொருத்துதல் முறையாகாது. ஆயினும் பறவையினமும் தீவன முறையும் மருந்துப் பெயர்களும் இங்கும் ஏறத்தாழ அவையே.

கோலிஸ்டின் என்னும் மருந்தின் கதையைத் தனியே கூற வேண்டும். 1940-களின் இறுதியில் ஜப்பானில் ஒரு மண் கிருமியிலிருந்து கிடைத்த இம்மருந்து சிறுநீரகத்திற்குத் தீங்கு விளைவிப்பது. ஆகவே, தீங்கு குறைந்த மருந்துகள் வந்தபின் வைத்தியர்கள் இதனைப் பெரும்பாலும் கைவிட்டனர். மனிதருக்கு வேண்டாத பொருள் கால்நடைத் தீவனத்திற்குச் சென்றது. பிறகு காலம் மாறியது. ஏனைய மருந்துகள் எவற்றிற்கும் அடங்காத கிருமிகள் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் தோன்றவே, அலமாரியின் மூலையில் கிடந்த கோலிஸ்டினை வைத்தியர்கள் தூசி தட்டி எடுத்தனர். கடைசி ஆயுதம் என்ற பெயர் அதற்கு வந்தது. கைவிட்ட மருந்தே கடைசி மருந்தானது ஒரு விந்தைதான். 2015 நவம்பரில் சீனத்திலிருந்து வந்த செய்தி உலகெங்கும் உள்ள மருத்துவர்களைத் திடுக்கிடச் செய்தது. கோலிஸ்டினை எதிர்க்கும் மரபுக்கூறு ஒன்று பிளாஸ்மிட்டிலேயே இருப்பதை அங்குள்ள ஆராய்ச்சியாளர் கண்டனர். எம்.சி.ஆர்.-1 எனப் பெயரிடப்பட்ட அக்கூறு, வெட்டுவதற்கு வந்த பன்றிகளின் கோலைக் கிருமிகளில் நூற்றுக்கு 21-இலும், கடைகளில் விற்ற பன்றி, கோழி இறைச்சிக் கிருமிகளில் நூற்றுக்கு 15-இலும், ஆஸ்பத்திரி நோயாளிகளிடம் எடுத்தவற்றில் நூற்றுக்கு 1-இலும் இருந்தது. பண்ணை, கடை, ஆஸ்பத்திரி என அது பரவும் திசையை அவ்வெண்களே காட்டுகின்றன.

நமது மத்திய சுகாதார அமைச்சகம் 2019 ஜூலை 19 தேதியிட்ட அறிவிக்கையின் மூலம், உணவுக்காக வளர்க்கப்படும் கால்நடை, கோழி, மீன் ஆகியவற்றுக்கும், தீவனச் சேர்ப்புகளுக்கும் கோலிஸ்டினைத் தயாரிப்பதையும் விற்பதையும் வழங்குவதையும் தடை செய்தது. களப் பணியிலுள்ளோர் பழைய இருப்பையோ, பெயர் மறைத்த தீவனச் சேர்ப்பையோ காண நேர்ந்தால், இத்தேதியை நினைவிற்கொண்டு மாவட்ட அதிகாரிக்குத் தெரிவித்தல் வேண்டும்.

தடை விதித்தால் கோழித் தொழில் அழிந்துவிடாதா என்னும் கேள்வியைப் பண்ணையாளர் கட்டாயம் எழுப்புவார். டென்மார்க்கின் அனுபவத்தை அவருக்குக் கூறலாம். அந்நாடு 1995-இல் அவோபார்சின் என்னும் வளர்ச்சி மருந்தைத் தடை செய்தது. 1998-இல் கறிக்கோழிப் பண்ணையாளர்கள் எல்லா வளர்ச்சி உயிரெதிரிகளையும் தாமாகவே நிறுத்தினர். கோழித் தொழிலுக்குக் குறிப்பிடத்தக்க நஷ்டம் நேரவில்லை. தீவனச் செலவில் மட்டும் மிகச் சிறிய ஏற்றம். அவோபார்சினோடு உறவுடைய வான்கோமைசினை எதிர்க்கும் கிருமிகள் கறிக்கோழிகளில் 1995-இல் நூற்றுக்கு 73 ஆக இருந்தவை 2000-இல் 6 ஆகக் குறைந்தன. ஐரோப்பிய ஒன்றியம் முழுவதிலும் 2006 ஜனவரி 1 முதல் வளர்ச்சிக்காக உயிரெதிரி கொடுத்தல் நின்றுவிட்டது. எல்லா எதிர்ப்பும் இவ்வளவு விரைவில் பின்வாங்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. சில எதிர்ப்புகள் மருந்தை நிறுத்தியபின்னும் நெடுங்காலம் நிலைக்கின்றன.

நிற்க. களத்தில் இரு வேறு கேள்விகள் ஒன்றாகக் குழப்பப்படுவதைக் காண்கிறோம். இறைச்சியில் தங்கும் மருந்தெச்சம் ஒன்று. இறைச்சியோடு வரும் மருந்தெதிர்ப்புக் கிருமி மற்றொன்று. எச்சத்தைத் தடுக்க மருந்து விலக்குக் காலம் என்னும் ஏற்பாடு இருக்கிறது. கடைசி வேளை மருந்து கொடுத்த நாளுக்கும், முட்டையையோ இறைச்சியையோ விற்கும் நாளுக்கும் இடையே விட வேண்டிய இடைவெளி அது. மருந்து விதிகளில் 2012-இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, இக்காலத்தை மருந்தின் சீட்டிலேயே குறிப்பிட வேண்டும். குறிப்பிடாதபோது முட்டைக்கும் பாலுக்கும் குறைந்தது 7 நாள், கோழி இறைச்சிக்குக் குறைந்தது 28 நாள் விட வேண்டும். 42-ஆம் நாளில் விற்கும் கறிக்கோழிக்கு 28 நாள் விலக்கு என்றால், 14-ஆம் நாளுக்குப் பின் அத்தகைய மருந்து எதையும் கொடுக்கவே இயலாது என்று பொருள். இச்சிறு கழித்தல் கணக்கைப் பண்ணையாளர் முன் போட்டுக் காட்டினால், நீண்ட பிரசங்கத்தைவிட நன்கு பதியும். ஆயின் விலக்குக் காலத்தை முறையாகக் கடைப்பிடித்த பறவையின் குடலிலும் எதிர்ப்புக் கிருமிகள் இருக்கலாம். எச்சம் இல்லை என்பதனால் கிருமி இல்லை என்றாகாது.

சமையலைப் பற்றியும் இங்கேயே கூறிவிடலாம். மருந்தை எதிர்க்கும் கிருமி நெருப்பை எதிர்ப்பதில்லை. நன்கு கொதித்த குழம்பில் அதுவும் ஏனைய கிருமிகளைப் போலவே மடிந்துவிடும். ஆபத்து இருப்பது அடுப்பிலன்று, அரிவாள்மணையில். கோழியை நறுக்கிய மணையிலேயே கழுவாமல் வெங்காயத்தையும் கொத்தமல்லியையும் நறுக்குவது, பச்சை இறைச்சியைத் தொட்ட கையோடு குழந்தைக்குச் சோறூட்டுவது ஆகியவையே கிருமி நுழையும் வாயில்கள். அல்சூரில் யாம் காணும் பல சிறு கடைகளில் ஒரே மரக்கட்டை காலை முதல் இரவு வரை உழைக்கிறது. வாங்குவோர் வீட்டிலாவது கைகளையும் மணையையும் சோப்பிட்டுக் கழுவுதல் இயலக்கூடியதே.

இனிக் கள ஊழியர் செய்யக்கூடியவை. பண்ணையில் பறவைகள் சாகத் தொடங்கியதும் தீவனக் கடைக்காரர் கூறும் மருந்தை நீரில் கலப்பதே பெரும்பாலும் நடப்பது. சாவுக்குக் காரணம் வெள்ளைக்கழிச்சல் எனப்படும் ராணிக்கேத் நோயாக இருந்தால், அது வைரஸால் வருவது. உலகிலுள்ள எல்லா உயிரெதிரிகளையும் கலந்து கொடுத்தாலும் அதனை அசைக்க முடியாது. குமாவுன் மலையிலுள்ள ஓர் ஊரின் பெயரைத் தாங்கிய இந்நோய்க்கு, அதே மலைப்பகுதியின் முக்தேசுவர ஆராய்ச்சி நிலையத்தில் 1940-களிலேயே தடுப்பூசி வகை உருவாக்கப்பட்டது. முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்தும், உரிய வயதில் ஊசியும் இடப்பட்ட மந்தையில் மருந்துக்கு வேலையே குறைவு. தடுப்பூசிக்கு ஆகும் சில காசுகளை மிச்சம் பிடித்தவர், பின்னர் மருந்துக்கு ரூபாய்களாகச் செலவிடுவதைக் கள ஊழியர்கள் அறிவர்.

காரணம் பாக்டீரியாவாக இருந்தாலும், எந்த மருந்து அதற்கு அடங்கும் என்பதை ஊகத்தால் அறிய முடியாது. புதிதாக இறந்த பறவையையோ, அதன் ஈரலையோ, மருந்து கொடுக்கத் தொடங்குமுன் பனிக்கட்டியில் வைத்து ஆய்வுக்கூடத்திற்கு அனுப்ப வேண்டும். பெங்களூர் வட்டாரத்தில் ஹெப்பாளத்திலுள்ள கால்நடை நல மற்றும் கால்நடை உயிரியல் மருந்து நிலையமும், தமிழ்நாட்டில் மாவட்டந்தோறும் இயங்கும் கால்நடை நோய்ப் புலனாய்வுப் பிரிவுகளும், நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியும் இப்பணிக்கு உரியவை. அங்கே நடக்கும் சோதனை எளிய தத்துவமுடையது. அகார்த் தட்டில் கிருமியை ஒரே சீராகப் பரப்பி, வெவ்வேறு மருந்து தோய்ந்த சிறு வட்டத் தாள்களை மேலே வைத்து, உடல் வெப்பத்தை ஒத்த சூட்டில் ஓரிரவு வைக்கிறார்கள். அடங்கும் மருந்தைச் சுற்றிக் கிருமி வளராத தெளிவான வட்டம் தோன்றும். அடங்காத மருந்தின் ஓரம்வரை கிருமி படர்ந்திருக்கும். வட்டத்தின் விட்டத்தை மில்லிமீட்டரில் அளந்து, அட்டவணையோடு ஒப்பிட்டு முடிவு கூறுகிறார்கள். பண்ணையாளரை ஒருமுறை ஆய்வுக்கூடத்திற்கு அழைத்துச் சென்று அத்தட்டைக் காட்டுதல் நன்று. தாம் மூன்றாண்டுகளாக வாங்கிவரும் மருந்தின் தாளைச் சுற்றிக் கிருமி செழித்து நிற்பதைக் கண்ணால் கண்டவர், மறுநாள் அம்மருந்தை வாங்கமாட்டார்.

மருந்து கொடுத்தே தீர வேண்டிய நிலையில், கால்நடை மருத்துவர் எழுதிய அளவையும் நாள்களையும் முழுமையாகக் கடைப்பிடிக்க வேண்டும். குடிநீரில் கலந்து கொடுப்பதில் ஒரு சிக்கலுண்டு. நோயுற்ற பறவை குறைவாகவே நீர் அருந்தும். ஆகவே மருந்து அதிகம் வேண்டிய பறவைக்கே அது குறைவாகப் போய்ச் சேரும். கோடையிலோ நலமுள்ள பறவைகள் இருமடங்கு அருந்திவிடும். அன்றைய நீர்ச் செலவை அளந்தபின் மருந்தின் அளவைக் கணக்கிடுதலே முறை. எருவைப் பொறுத்தவரை, கொட்டகையிலிருந்து வாரிய ஆழ்கூளத்தை அன்றே வயலில் கொட்டாமல், ஈரப்பதத்தோடு குவித்து மூடி மக்கவிட வேண்டும். குவியலின் உட்புறம் 55 டிகிரி சென்டிகிரேடைத் தாண்டிச் சில நாள் நின்றால் கிருமிகளில் பெரும்பாலானவை மடியும். குவியலை ஓரிருமுறை புரட்டிவிட்டால்தான் வெளிப்புறத்திலுள்ளதும் சூடேறும்.

கடைசியாக, பதிவேடு. பெரும்பாலான சிறு பண்ணைகளில் தீவன மூட்டைக்குக் கணக்கு இருக்கிறது. மருந்துக்குக் கணக்கு இல்லை. ஒரு பள்ளிக் குறிப்பேடே போதும். மருந்தின் பெயர், அதிலுள்ள மூலப்பொருளின் பெயர், கொடுத்த காரணம், தொடங்கிய தேதி, முடித்த தேதி, மருத்துவரின் கையொப்பம், முதல் விற்பனைத் தேதி என ஏழு பத்திகள் கோட்டிட்டுக்கொள்ளலாம். மூலப்பொருளின் பெயரை விடாது எழுதச் சொல்ல வேண்டும். ஏனெனில் மூன்று கம்பெனிகளின் மூன்று பெயர்களில் ஒரே மருந்தையே மாற்றி மாற்றிக் கொடுத்துவிட்டு, மூன்று மருந்து கொடுத்தும் பயனில்லை என்று கூறுவோர் பலர். அவ்வப்போது அக்குறிப்பேட்டை வாங்கிப் பார்த்து, ஐந்தாம் பத்திக்கும் ஏழாம் பத்திக்கும் இடையே எத்தனை நாள் என்று எண்ணிப் பார்ப்பது கள ஊழியரின் வேலை.